அங்க அடையாளம்

எல்லை தாண்டி வந்த ஏட்டு தணிகாசலத்துக்குத் தெலுங்கு வராது; அந்த ஊர் நீதிபதியம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஓடிப்போன மகளை மீட்டுத் தரும்படி அப்பா சொல்லச் சொல்ல ஏட்டே எழுதிய புகாரை, இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆளான அந்த மகள் ஜெயப்பிரதாவிடமே, தெலுங்கில் படித்துச் சொல்லும்படி நீட்டினார்கள். ஆறு மாதமாக அங்கே ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவள். பதினேழு வயது என்பதைக்கூட ஜெயப்பிரதா மாற்றிச் சொல்லவில்லை. கடைசியில் அங்க அடையாளம் இருந்தது: இடது முன்கையில் வரிசையாக மூன்று சூட்டுத் தழும்புகள். அதைச் சொன்னதும் நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு ஏதோ கேட்டார். அவள் ஏட்டின் பக்கத்தில் நின்ற அப்பாவிடம் திரும்பினாள்.

“இது எப்டி வந்துச்சுன்னு கேக்கறாங்கப்பா.”

அவர் சொல்வதை அப்படியே தெலுங்கில் சொல்லக் காத்து நின்றாள்.