ஏறாத வோல்டேஜ்

திரை மறுபடியும் கறுத்துப்போனது.

கஜானிக்கு அழுகை வந்தது. கொம்பியூட்டருக்கு ஒரு அறை விடவும் கை துடித்தது. கொழும்பு அனிமேஷன் நிறுவனம் கேட்ட படத்தை இன்று நாலு மணிக்குள் அனுப்பினால்தான் வேலை. நேரமோ மத்தியானம் தாண்டிவிட்டது.

இருக்கிற வேகத்தில் விட்டால் படம் நாளைக்குத்தான் முடியும். அதனால்தான் கிராபிக்ஸ் கார்டை அதன் அளவுக்கு மேல் ஓடவிட்டாள். ஓட்டத்தைக் கூட்டினால் வோல்டேஜையும் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் இப்படித்தான், பாதியில் படுத்துவிடும்.

வோல்டேஜ் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. மென்பொருளில் வோல்டேஜ் பூட்டைத் திறக்கிற கட்டத்தில் சரி போட்டாள். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். இப்போது திரையில் வோல்டேஜைக் கூட்டுகிற கோடு நகர்ந்தது, எண் அசையவில்லை.

இணையத்தில் தேடினாள். புதுக் கார்டில் இப்படி வராது என்று யாரோ எழுதியிருந்தார்கள். முன்பு வைத்திருந்தவர் ஏற்றக்கூடிய மட்டும் ஏற்றி, அப்படியே பதிந்து வைத்திருப்பார். கார்டின் ஓரத்தில் பழைய நிலைக்குத் திருப்புகிற சின்ன ஆளி, ஒரு சுவிட்ச், இருக்கிறதா என்று பாருங்கள்.

முன்பு வைத்திருந்தவரா? நல்ல கதை!

ரொறன்ரோவிலிருந்து அவளுடைய அண்ணன் சிவகரன் போன கிழமைதான் ஊருக்கு வந்த ஒருவரிடம் இந்தக் கார்டைக் கொடுத்துவிட்டிருந்தார். புத்தம் புதுசாம். பெட்டி பாரமென்று எறிந்துவிட்டாராம்.

வந்த அன்றே அம்மா சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். இந்த வீட்டில் பொட்டு வைக்காமல் கிரைண்டர்கூடச் சுற்றியதில்லை. கஜானிதான் கார்டைத் தொட விடவில்லை.

அண்ணன் அங்கே சொந்தமாகக் கலியாண வீடியோ எடிற்றிங் தொடங்கி, தன் முதல் கார்டை வாங்கியபோதும் அம்மா விடவில்லை. வீடியோ கோலில் பார்த்துக்கொண்டு நின்றே பொட்டு வைக்கச் செய்தார். "வெள்ளையள் கண்டாச் சிரிப்பாங்களணை" என்று முனகியபடி அண்ணன் அதை விசிறிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். இங்கே ஊரில், கரம்பொன் கோயிலில் அம்மா இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்லாத ஆள் இல்லை.

கொஞ்ச நாளாக அண்ணன் வீடியோவில் வருவதில்லை. வேலை கூடவாம்.

கஜானி கொம்பியூட்டரை அணைத்து, பக்க மூடியைக் கழற்றினாள். கைபேசி வெளிச்சத்தை அடித்து ஆளியைத் தேடினாள். ஓரத்தில் இல்லை. விசிறியை விரலால் மெல்லத் தள்ளி உள்ளே பார்த்தாள்.

தகட்டில் ஒரு பொட்டு. சூட்டில் காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் கறுத்த குங்குமம்.

வீடியோ கோலில் அம்மா வைக்கச் செய்த அதே பொட்டு. அண்ணனின் தொழிலுக்கு இருந்த ஒரே கார்டு.

கையிலிருந்த கைபேசி அடித்தது. அண்ணன்தான். அங்கே இன்னும் விடிந்திருக்காது. பின்னால் தொழிற்சாலை மாதிரி ஏதோ பெரிய இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"வேகம் காணுமோ பிள்ளை? காணாட்டிச் சொல்லு, இதைவிட நல்லது ஒண்டு வாங்கி அனுப்புறன்."

கஜானி விரலை எடுத்தாள். விசிறி திரும்பிப் பொட்டை மறைத்தது.

"காணும் அண்ணை. பறக்குது."

குசினிக்குள்ளிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

"அண்ணையே? இப்ப கலியாணச் சீசன், அங்க வேலை குவிஞ்சு கிடக்கும். பாவம், ஆளை மினக்கெடுத்தாதை."