மாமியாரின் சம்மதம்

எந்தப் படிப்பைச் சொன்னாலும் "அடுப்படிய யாரு பாப்பா?" என்று மூன்று வருஷமாக மறுத்த மாமியார், ஸ்கேன் எடுக்கிற படிப்பு என்றதும் தானே மகனைக் கூப்பிட்டு, சங்கரவடிவின் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாள்.

சங்கரவடிவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப சந்தோசம் அத்தை."

"அழாத தாயி. ஒனக்கு ரெண்டும் பொட்டையாப் போச்சு. என்ன பிள்ளைன்னு கேட்டா, எந்த சென்டர்லயும் ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டேங்கான். நீயே படிச்சிட்டா, அடுத்தத நமக்குள்ளயே பாத்து முடிவு பண்ணிக்கிடலாம்லா?"

கணவன் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினான்.

விண்ணப்பத்தில் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி: இந்தப் படிப்பில் சேர ஏன் விரும்புகிறீர்கள்? அம்மா என்ன எழுதப்போகிறாள் என்று பார்க்க, மகள்கள் இருவரும் ஆளுக்கொரு தோளில் வந்து சாய்ந்துகொண்டார்கள்.