நடுவில் நின்ற வரப்பு

இது எனக்கு இன்னொருவர் சொன்ன கதை. கேட்டபடியே சொல்கிறேன்.

மேல்குளத்துத் தண்ணீரைக் கீழ்க்குட்டைக்குக் கொண்டுவரப் பிராணிகள் கூடித் திட்டம் போட்டன. நடுவில் இருந்த வரப்புக்கு மேற்கே பெருச்சாளி வாய்க்கால் தோண்டும், கிழக்கே நண்டு தோண்டும். இரண்டு பேரையும் இணைக்கும் பொறுப்பு தவளைக்கு. வற்றிக்கொண்டிருந்த அந்தக் குட்டையில்தான் அவளுடைய தலைப்பிரட்டைகள் இருந்தன.

தவளை தினமும் இரண்டு பக்கமும் தாவிப் போய், "அங்கே வேலை நன்றாக நடக்கிறது" என்று சொல்லி வந்தாள். வாய்க்கால் இரண்டு பக்கமும் முடிந்தது. தண்ணீர் வந்து வரப்பில் முட்டி நின்றது.

"வரப்பு நண்டு பங்கும்மா" என்றது பெருச்சாளி.

"பெருச்சாளி அண்ணன் பங்குல நான் கொடுக்கை வைக்கலாமா? அப்புறம் யார் பேச்சு வாங்குறது?" என்றது நண்டு.

வரப்பை யார் வெட்டுவது என்று தவளை ஒருவரிடமும் கேட்டிருக்கவில்லை. குட்டையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வரப்பில் ஏறித் தானே தோண்டத் தொடங்கினாள்.

"ஏ தவளை, உனக்குப் பேசுற வேலைதானே?" என்று நண்டு சிரித்தது. சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து கொடுக்கை மண்ணில் இறக்கியது. அந்தப் பக்கத்திலிருந்து பெருச்சாளியும் வந்தது. குட்டைக்குத் தண்ணீர் பாய்ந்தது.

தவளை மண் தோண்டுமா என்று எனக்குச் சந்தேகம். பிறகு விசாரித்துப் பார்த்தேன். சில தவளைகள் தோண்டும், பின்னங்கால்களால்.