அசையாத

கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த முத்துவீரனைப் பற்றிக் கேட்டதற்கு, நர்ஸ் ‘ஸ்டேபிள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். செல்போனில் அர்த்தம் தேடினேன். நிலையான, உறுதியான, மாறாத, அசையாத என்று வந்தது. குதிரை லாயம் என்றும் வந்தது. ‘அசையாத’ என்ற வார்த்தைக்கு மேல் விரல் நகரவில்லை. கூட வேலை செய்யும் ஜெபமணி எட்டிப் பார்த்தான்.

“செவுருகூட அசையாமத்தான் நிக்குது. போன உள்ள வையும்வே.”

அதற்குள் ஊரிலிருந்து முத்துவீரனின் மனைவி செல்லத்தாய் கூப்பிட்டுவிட்டாள்.

“அண்ணே, எப்படி இருக்காக?”

பார்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“நல்லா இருக்கான்மா.”

“சாப்பிட்டாகளா?”

“ம். இப்பத்தான் கஞ்சி குடிச்சான்.”



“காய்ச்சல்லகூட கஞ்சியத் தொடமாட்டாகளேண்ணே,” என்றாள். குரல் மாறியிருந்தது. “போன அவுககிட்ட குடுங்க.”

ஜெபமணி தலையைக் குனிந்துகொண்டான். நான் எழுந்துபோய், ஸ்பீக்கரைப் போட்டுப் போனைக் கண்ணாடிக் கதவில் ஒட்டிப் பிடித்தேன். உள்ளே போர்வை அசைகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். புருஷன் பேரைச் சொல்லிப் பழகாதவள், “என்னங்க, என்னங்க” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.