ஈறில் கசிந்த ரத்தம்

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வந்த இதய டாக்டர், சுவரோரம் நின்றிருந்த நோயாளியின் மனைவியிடம் தயங்கித்தான் பேசினார்.

“வால்வு மொத்தமா அரிச்சுப் போச்சும்மா. ஆபரேஷன் தாங்குற நிலையில அவர் இல்ல. இன்னைக்குப் பொழுது தாண்டுறதே கஷ்டம்.”

அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

“வாயிலேருந்து போன கிருமிதான் வால்வுல உக்காந்திருக்கு. ஈறெல்லாம் சீழ் கோத்திருக்கே, பல் தேய்க்கும்போது ரத்தம் வந்திருக்குமே?”

“ஒரு வருஷமா வந்துச்சு டாக்டர்.”

“வால்வுல பிறவிக் குறைன்னு தெரியுமா?”

“தெரியும்.”

“படிச்சவங்களாத் தெரியுறீங்க. அப்பவே ஒரு பல் டாக்டர்கிட்ட காட்டியிருக்கக் கூடாதா?”

“அவர் கேட்டுக்கிட்டேதான் இருந்தாரு. நான்தான் நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிப்போட்டேன்.”

டாக்டருக்குக் கோபம் வந்தது. “கூட்டிட்டுப் போகக்கூடவா உங்களுக்கு நேரமில்ல?”

அதற்குள் நர்ஸ் ஒரு படிவத்துடன் வந்தாள். “கையெழுத்துப் போடணும்மா. உங்க பேரு, தொழில் சொல்லுங்க.”

சொல்வதற்குப் பதிலாக அவள் கைப்பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினாள். டாக்டரும் எட்டிப் பார்த்தார். பெயருக்குக் கீழே ‘பல், ஈறு சிகிச்சை நிபுணர்’ என்று அச்சாகியிருந்தது.

“தினமும் சாயங்காலம் என்னைக் கூட்டிட்டுப் போக கிளினிக்குக்கு வருவாரு டாக்டர். கடைசி பேஷண்ட் எழுந்ததும் அந்த நாற்காலியில உக்காந்து வாயைத் திறப்பாரு. ‘எனக்கு இடுப்பே விட்டுப்போச்சு, எழுந்திரிங்க, வீட்டுக்குப் போகலாம்’னு லைட்டை அணைச்சிடுவேன்.”