பாவடி வரைபடம்

வெண்ணந்தூர் ரோட்டோரப் பாவடியில் காலை வெயில் சரிந்து கிடக்கிறது. நெசவுக்காரர்கள் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடும் இந்தப் பொதுத்திடலில் கடைகள் கட்ட, இன்றைய கிராமசபையில் தீர்மானம் வரப்போகிறது. அதற்குள் நர்மதா தரையில் கோலமாவால் ஊரையே வரைகிறாள். "எங்க தெருவ உட்டுட்டியே சாமி, நான் பறந்தா ஊட்டுக்குப் போறது?" என்கிறாள் கந்தம்மாள். பெண்களின் சிரிப்பு புழுதியோடு கிளம்புகிறது. பாவடியை மட்டும் நர்மதா செம்மண்ணால் வளைத்து, உள்ளே ஒன்றும் வரையாமல் விடுகிறாள். "அம்மிணி, நடுவுல காலியாத்தான கெடக்குது?" என்று ஊராட்சித் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டுகிறார். "காலி இல்லீங்க. பாவு நீட்டற எடமுங்க." "கோலம் போட்டாத் திட்டம் மாறிருமாக்கும்? ஈஸ்வரு, மேசையக் கொண்டாந்து அதுமேலயே போடு!" நர்மதாவின் கணவன் ஈஸ்வர் மேசையைத் தூக்கி வருகிறான். நீட்டிய பாவு நூலை இந்த ஊரில் யாரும் தாண்டுவதில்லை, சுற்றித்தான் போவார்கள். செம்மண் கோட்டின் முன்னே அவன் கால் தானாக நிற்கிறது. மனைவியை ஒருமுறை பார்க்கிறான். மேசையை வெளியிலேயே இறக்குகிறான். "இங்கிருந்தே படிங்க தலைவரே, கேக்கறம்." கோட்டுக்குள் நர்மதா சம்மணமிட்டு உட்கார, பெண்கள் அவளை ஒட்டி உட்காருகிறார்கள். தலைவர் தீர்மானத்தை வாசித்து முடித்து நிமிர்கிறார். ஆதரவாகத் தூக்க வேண்டிய கைகள் எல்லாம் மடியிலேயே கிடக்கின்றன.