சிரித்த முகம்

"ரெண்டு நிமிஷம் சிரிக்காம, பேசாம குழந்தையையே பாருங்க. அது என்ன பண்ணுதுன்னு படம் எடுக்கணும்," என்றார் ஆராய்ச்சி டாக்டரம்மா.

அப்பாக்காரன் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டான். மற்ற குழந்தைகள் இந்நேரம் அழுது ஊரைக் கூட்டியிருக்கும். இதுவோ தன்பாட்டுக்குப் பொம்மையைக் கடித்துக்கொண்டிருந்தது.

"தங்கமான குழந்தை சார்! அழவே இல்லையே! சரி, இப்ப வீட்டுல சிரிக்கிற மாதிரி சிரிங்க."

அவன் குனிந்து, வாய் நிறையச் சிரித்தான்.

குழந்தை வீறிட்டு அலறியது. பொம்மையைப் போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டது.

டாக்டரம்மா ஓரக்கண்ணால் கேமராவைப் பார்த்தார்; அது ஓடிக்கொண்டிருந்தது.

"கேமராவ நிறுத்தியாச்சா மேடம்?" என்றான், சிரிப்பு மாறாமல்.

"ஆச்சு சார்," என்று கூசாமல் பொய் சொல்லி, அவன் கை நீளுமுன் குழந்தையை வாரியெடுத்துக்கொண்டார்.